யார் காதில் முதலில் விழுகிறதோ

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு முழுப் பக்கம் எழுதாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னார்: "ஐயா, தினமும் ஏதாவது எழுதுங்க. என்ன நடந்துச்சோ அத எழுதுங்க. கோணலா வந்தா வரட்டும்." கோணலாகத்தான் வருகிறது. வலது பக்கம் போகப் போக வரி மேலே ஏறுகிறது, அலையில் ஏறும் படகு மாதிரி. இறங்கினால்தானே கவலை.

என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. காலையில் ஐஸ் கிடங்கைத் திறந்தேன். பாளங்களை இயந்திரத்தில் தள்ளி நொறுக்கினேன். படகுகள் வந்து பெட்டிகளை நிரப்பிக்கொண்டு கடலுக்குப் போயின. கடைசியாக என் சின்ன மகளின் படகு வந்தது. ஓட்டுவது அவள்தான். கூட வேலைக்கு இரண்டு பேர். இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே, "அப்பா, மீசையில மை!" என்று கத்திச் சிரித்தாள். நான் துடைக்கவில்லை. எழுபது வயது வரை இந்த மீசையில் ஐஸ் தூளைத் தவிர வேறு எதுவும் ஒட்டியதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவு எழுதுவதற்குள் டீ இரண்டு முறை ஆறிவிட்டது. இரண்டு முறை சூடு பண்ணிக் கொடுத்த என் மனைவி, மூன்றாவது முறை கேட்டால் டீத்தூளைத்தான் தருவேன் என்கிறாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் ஒரு நாளும் எதையும் எழுதமாட்டாள். கடற்கரையிலேயே குடியிருந்து கால் நனைக்காதவர்கள் இருப்பார்களே, அந்த மாதிரி.

மார்ச் 5, புதன்

விரல் வலிக்கிறது. எவ்வளவு சுகமான வலி!

மார்ச் 8, சனி

இன்று நடந்ததை எழுத இரண்டு பக்கம் வேண்டும். தலைநகரத்திலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். கடலில் காணாமல் போகிறவர்களைத் தேடி மீட்பதற்குப் புதுச் சட்டம் வரப்போகிறதாம். எழுதுகிறவர் இவர்தானாம். சட்டத்தை ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவார் என்று நான் நினைத்ததே இல்லை. மழை மாதிரி அது பாட்டுக்கு மேலேயிருந்து வரும் என்று இருந்தேன்.

"நீங்களும் எழுதுறீங்களா? நானும் எழுதுறேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே? அவர் சிரிக்கவில்லை. "எழுதுறதுல உங்களுக்கு எது கஷ்டம் ஐயா?" என்று கேட்டார். "வரி மேல ஏறிடுது" என்றேன். "எனக்கு வரி நீண்டுக்கிட்டே போகுது" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

எங்கள் கடலை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து நேரே கடலுக்குள் ஒரு கோடு. தண்ணீரில் கோடு! கோட்டுக்கு வடக்கே ஒரு மீட்பு அறை, தெற்கே ஒரு மீட்பு அறை. மூன்று வருடத்துக்கு முன்னால் என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், கடலில் மாட்டிக்கொண்டான். இயந்திரம் நின்றது வடக்கில். நீரோட்டம் படகைத் தெற்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது. வடக்கு அறை, "இந்நேரம் அது தெற்கு" என்றது. தெற்கு அறை, "புகார் வடக்குல" என்றது. சாப்பிடக் கூப்பிட்டால் 'நீங்க முதல்ல' 'இல்ல நீங்க முதல்ல' என்று நிற்பார்களே, அந்த மரியாதை. போதாததற்கு, படகின் முதலாளி வந்து சொன்னால்தான் புகார், வீட்டார் சொன்னால் செல்லாது. முதலாளி எங்கோ வெளியூரில். மச்சானின் மனைவியை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு சரக்குக் கப்பல் தற்செயலாகப் பார்த்து இவனைத் தூக்கிக்கொண்டு வந்தது.

மச்சான் இதை வக்கீலம்மாவிடம் நடித்தே காட்டினான். "இவ்ளோ பெரிய சுறாம்மா, படகையே சுத்திச் சுத்தி வருது."

"போன வாரம் உன் கை இவ்ளோ விரியலையே" என்றேன்.

"அத்தான், நீங்க ஐஸ் அளக்குறவரு. சுறாவ நான் அளந்துக்குறேன்."

வக்கீலம்மா சட்டத்தில் எழுதப்போவதைச் சொன்னார். எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். "காணோம்னு யாரு வேணா சொல்லலாம். யாரு காதுல முதல்ல விழுதோ, அந்த அறை தேடத் தொடங்கணும். படகு கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. அடுத்த அறை 'நான் எடுத்துக்கிட்டேன்'னு வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் இவங்க கைய எடுக்கக் கூடாது."

அவ்வளவுதானா! குழந்தையைக் கை மாற்றும்போது நாம் எல்லோரும் செய்வதுதானே? வாங்குகிறவர் பிடித்துக்கொண்டார் என்று தெரிந்த பிறகுதானே விடுவோம்? இதற்கு ஒரு சட்டமா என்று நினைத்தேன். பிறகு சின்ன மகளை நினைத்தேன். அவள் துறைமுகத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கோடு கண்ணில் தெரியும். தண்ணீரில் கோடு தெரியுமா என்று கேட்டால், தெரியும். எனக்குத் தெரியும்.

இந்தச் சட்டம் வரவேண்டும். வந்தே ஆகவேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

வேடிக்கை கேள். (யாரைக் கேட்கச் சொல்கிறேன்? என்னைத்தான்.)

படகுக்காரர்கள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள்! காரணம் இந்தப் பேனா.

எங்கள் துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புறப்படும்போது வாசலில் உள்ள மேசையில் எங்கே போகிறோம் என்று பதிய வேண்டும். ஒருவரும் உண்மையைச் சொல்லமாட்டார். தெற்கே போகிறவர் வடக்கு என்பார். பாறைத் திட்டுக்குப் போகிறவர் சேற்றுப் பக்கம் என்பார். மீன் கிடைக்கும் இடம் அடுத்தவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். மேசையில் இருக்கிறவருக்கும் இது பொய் என்று தெரியும். மரியாதையாகப் பதிந்துகொள்வார்.

உண்மையை இத்தனை வருடம் என்னிடம்தான் சொல்லி வந்தார்கள். ஐஸ் நொறுக்கும் சத்தத்தில் என் காதோடு சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கேயாவது ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் போனால்தான் மனசுக்கு ஆறுதல். நானோ எழுத்து தெரியாதவன். காதில் விழுந்தது காதோடு போகும். மச்சான் மட்டும் சொல்லமாட்டான். சொந்தக்காரனிடம்தான் முதலில் மறைக்க வேண்டும் என்பது அவன் கொள்கை.

இப்போது? கறுப்புக் கண்ணாடி இன்று ஐஸ் வாங்க வந்தான். மழையிலும் அந்தக் கண்ணாடியைக் கழற்றமாட்டான், அதனால் அந்தப் பெயர். காதருகே வந்தான். வாயைத் திறந்தான். என் சட்டைப் பையில் பேனாவைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல பெரியவரே, வெயில் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மீனவர்களின் ரகசியம் முழுவதையும் நான் எழுதி வைக்கப்போகிறேனாம்! எனக்கு 'வெயில்' என்று எழுதவே அரை டீ ஆகிறது.

சாயங்காலம் சின்ன மகளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நானும் சொல்லமாட்டேன்பா. உங்க நோட்டு கிடங்குல பப்பரப்பான்னு திறந்து கிடக்குது" என்றாள்.

அட!

மார்ச் 15, சனி

ஒத்திகை நாள். எழுதும்போதே வயிறு குலுங்குகிறது.

வக்கீலம்மா இரண்டு மீட்பு அறைகளையும் கூப்பிட்டு, ஒரு படகு காணாமல் போனதாக வைத்துக்கொண்டு தேடிப் பாருங்கள் என்றார். காணாமல் போகக் கறுப்புக் கண்ணாடி ஒப்புக்கொண்டான். மேசையில் 'வடக்கு' என்று பதிந்துவிட்டுப் போனான். எங்கே ஒளிந்தான் என்று வக்கீலம்மாவுக்கே தெரியாது.

வடக்கு அறையில் இருப்பவருக்கு ரேடியோ என்று பெயர். மூச்சு விடாமல் பேசுவார். வீட்டில் மனைவியோடு பேசி முடித்தாலும் "ஓவர்" என்பாராம். "வடக்குன்னு பதிஞ்சிருக்கான். அப்படின்னா வடக்குல மட்டும் இருக்கமாட்டான்" என்றார் அவர். தெற்கு அறை, "எங்களுக்கு இன்னும் எழுத்துல வரல" என்றது. இரண்டும் சேர்ந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றன.

அப்போது நான் எழுந்தேன். எனக்கு ஏன் இந்த வேலை? "ஐஸ வச்சே நான் சொல்றேன்" என்றேன். "நாலு நாளைக்குத் தேவையான ஐஸ் ஏத்தினான். பக்கத்துல போறவனுக்கு எதுக்கு அவ்ளோ? தெற்கு ஆழத்துக்குத்தான் போயிருக்கான்." சொன்னபோது நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. தேடும் படகு தெற்கு ஆழத்துக்குப் பறந்தது. எல்லோரும் கரையில் காத்திருந்தோம். கறுப்புக் கண்ணாடியின் மனைவி வலைக் கூடத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாய் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவன் எங்கே இருந்தான்? அலைத் தடுப்புச் சுவருக்குப் பின்னால்! எங்களிடமிருந்து கூப்பிடு தூரத்தில்! கயிற்றைக் கட்டிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். பாதி ஐஸை மச்சானுக்கு விற்றுவிட்டானாம். ஐஸை வைத்து ஜோசியம் சொன்னேனே, அந்த ஐஸில் பாதி என் மச்சான் படகில்!

"அத்தான் ஐஸ அளந்தாரு பாரு" என்று மச்சான் துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறான். சொல்லட்டும். மூன்று வருடமாக நான் அவன் சுறாவை ஓட்டுகிறேன். இப்போது அவன் முறை.

மார்ச் 16, ஞாயிறு

வக்கீலம்மா டீ குடிக்க வந்தார். நேற்றைய கூத்தில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. இரண்டு அறைகளுக்கும் வெட்கமாகிவிட்டது. ஏப்ரலில் பொது விசாரணை. அதுவரை புது முறையை ஓட்டிப் பார்க்கிறோம் என்று இரண்டு பேரும் சம்மதித்துவிட்டார்கள். யார் காதில் முதலில் விழுகிறதோ அவர் கையில்.

"ஆனா ஐயா, காது இருந்து என்ன பிரயோஜனம்? பதியிறது பொய்யா இருந்தா எங்க போய்த் தேடுறது?" என்றார். அதற்காக இன்னொரு பிரிவு எழுதியிருக்கிறார். கரை ஆள். ஒவ்வொரு படகுக்கும் கரையில் ஒரு ஆள். அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். படகு வராவிட்டால் அவர் எந்த அறையைக் கூப்பிட்டாலும் அவர் சொல் செல்லும். படகு பத்திரமாகத் திரும்பினால் ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது.

மேலே உள்ளவர்கள் இந்தப் பிரிவை வேண்டாம் என்கிறார்களாம். மீனவர்கள் கரை ஆளிடமும் பொய்தான் சொல்வார்கள், எதற்கு வீணாக என்கிறார்களாம். "படகுக்காரங்க விசாரணைக்கு வந்து 'எங்களுக்கு இது வேணும், நாங்க உண்மையச் சொல்வோம்'னு சொல்லணும். சொல்லலன்னா அடிச்சுடுவாங்க" என்றார். பேனாவால் கோடு இழுத்துக் காட்டினார். ஒரே கோடு. நான் எழுத ஒரு வாரம் ஆகும் அளவுக்கு இருந்ததை ஒரே கோட்டில்.

மார்ச் 20, வியாழன்

படகுக்காரர்கள் கூட்டம். ஐஸ் கிடங்கிலேயே. கரை ஆள் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. யாரை நம்புவது என்பதில் அடிதடி. அவன் இவன் மாமனார், இவன் அவன் பங்காளி. ஒரு மணி நேரம் கத்திவிட்டுக் கடைசியில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியவர்தான் சரி. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை வெளிய விட்டதில்ல" என்றான் ஒருவன்.

எனக்குக் குளிர்ந்துபோனது. ஐஸ் கிடங்கில் குளிர்வது பெரிய விஷயமில்லை, இது வேறு குளிர்ச்சி.

உடனே கறுப்புக் கண்ணாடி, "ஒரே ஒரு நிபந்தனை. அவரு எழுதுறத விடணும்" என்றான்.

"அதெப்படிப்பா?" என்றேன்.

"எழுத்து தெரிஞ்ச கை சும்மா இருக்காது பெரியவரே. அது பாட்டுக்கு எழுதிடும்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். சின்ன மகள் தலையாட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு கறுப்புக் கண்ணாடி மட்டும் நின்றான். இந்த நோட்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினான். தலைகீழாகப் பிடித்திருந்தான். "என் பேரு இதுல எங்க இருக்கு?" என்றான். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். என்னத்த யோசிக்கிறது? ஒரு பக்கம் சின்னவ உயிரு. இன்னொரு பக்கம் ஒரு பேனா. இது ஒரு தராசா? ஆனா கை ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கு?

மார்ச் 21, வெள்ளி

பேனாவைக் கிடங்கின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். விசாரணை வரை. இதைப் பென்சிலில் எழுதுகிறேன். பென்சிலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

மார்ச் 22, சனி

இன்று ஒன்றும் எழுதவில்லை. இதைத் தவிர.

மார்ச் 25, செவ்வாய்

வடக்கு மீட்பு அறை வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார முடியவில்லை. எழுதினால்தான் ஒரு இடத்தில் இருக்க முடிகிறது.

சின்னவ காலையில வந்திருக்கணும். மத்தியானம் ஆயிடுச்சு. ரேடியோவுல பதில் இல்ல. மேசையில தெற்குன்னு பதிஞ்சிருக்கா. அப்ப தெற்கு இல்ல. அப்ப எங்க?

எனக்குத் தெரியாது. ஊரு முழுக்க எங்க போச்சுன்னு இத்தனை வருஷம் தெரிஞ்சு வச்சிருந்தேன். என் பொண்ணு எங்க போனான்னு தெரியல. ஞாயித்துக்கிழமை ஐஸ் வாங்க வந்தா. காது பக்கத்துல வந்தா. நான் மேசையில பென்சில வச்சிருந்தேன். "வர்றேன்பா"ன்னு மட்டும் சொன்னா.

உள்ளே ரேடியோ பேசிக்கொண்டே இருக்கிறார். பேசட்டும். நிறுத்த வேண்டாம்.

என் மனைவி உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆகிறது. உள்ளே இவளுக்கு என்ன வேலை?

மார்ச் 26, புதன்

வந்துவிட்டாள்! வந்துவிட்டாள், வந்துவிட்டாள். மூன்று முறை எழுதலாம் என்று டீச்சர் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

படகு வரவில்லை என்று நான் மேசைக்கும் கிடங்குக்கும் ஓடிக்கொண்டிருந்தபோதே, என் மனைவி வீட்டிலிருந்து வடக்கு அறையைப் போனில் கூப்பிட்டுவிட்டாள். மச்சான் காணாமல் போன நாளிலிருந்து அந்த எண் அவளுக்கு மனப்பாடமாம். "வடக்குப் பாறைத் திட்டுக்குப் போனா. நேத்து ராத்திரியே அங்கேருந்து திரும்பிக் கிளம்பியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, நேரே அறைக்கே போய் ரேடியோவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? சின்ன மகள் சொல்லியிருக்கிறாள். "அம்மா, பாறைத் திட்டு. அப்பாகிட்ட சொல்லாத, எழுதிடுவாரு."

வலைக் கயிறு படகுக்கு அடியில் சுழலும் காற்றாடியில் சுற்றி இயந்திரம் நின்றிருக்கிறது. பேட்டரியும் போய்விட்டது. ரேடியோ நீரோட்டத்தைக் கணக்குப் பார்த்தார். படகு இந்நேரம் கோட்டைத் தாண்டித் தெற்கே போயிருக்க வேண்டும் என்றார். 'கோட்டைத் தாண்டி' என்று கேட்டதும் வராந்தாவிலிருந்து எழுந்து கதவருகே போய் நின்றேன். மூன்று வருடத்துக்கு முன்னால், மச்சான் விஷயத்தில், இந்தப் பேச்சு வந்ததும்தான் போனை வைத்தார்கள்.

ரேடியோ வைக்கவில்லை. இவள் பக்கம் திரும்பி, "அம்மா, உங்க பொண்ணு இப்ப என் கையில. தெற்கு வாயால சொல்ற வரைக்கும் என் கையிலதான்" என்றார். தெற்கு அறையைக் கூப்பிட்டார். இடத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் வரைபடத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு வந்தது: "எங்க படகு பக்கத்துல இருக்கு. நான் எடுத்துக்கிட்டேன்."

"திருப்பிச் சொல்லுங்க" என்றார் ரேடியோ.

"நான் எடுத்துக்கிட்டேன்."

வாழ்க்கையில் இப்படி இரண்டு வார்த்தை நான் கேட்டதில்லை. கல்யாணத்தன்று கூட இல்லை. (இதை அவள் படித்தால் படிக்கட்டும்.)

சூரியன் இறங்குவதற்கு முன்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மகள் இறங்கினாள். என்னைக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் டீசல். "உங்ககிட்ட சொல்லாம போனது தப்புதான்பா" என்றாள்.

"சொல்ல வேண்டிய ஆளுகிட்ட சொல்லிட்டுத்தானே போன" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

இரண்டு வேலையாட்களும் அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஒருவன் மனைவியிடம், ஒருவன் அக்காவிடம்.

மார்ச் 27, வியாழன்

கல்யாணத்தன்று என்று எழுதியதைப் படித்துவிட்டாள். இன்று டீ இல்லை.

ஏப்ரல் 2, புதன்

விசாரணை. பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி வழிந்தது. மேலே மேசையில் மூன்று அதிகாரிகள். பக்கத்தில் வக்கீலம்மா, முகம் வாடியிருந்தது.

நடுவில் இருந்த அதிகாரி நல்ல மனிதர், நேராகவே கேட்டார். "கரை ஆள்னு ஒரு பிரிவு. நீங்க உண்மையச் சொல்லப்போறீங்களா? யாருகிட்ட?"

படகுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். பேனாவை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் எழுந்தேன், சத்தியமாக. கை தானாகக் காலிச் சட்டைப் பைக்குப் போனது.

பின்வரிசையிலிருந்து என் மனைவி, "நீங்க உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். மண்டபமே சிரித்தது. அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, இவரு எழுதட்டும், பாவம், இந்த வயசுல ஆசைப்பட்டுட்டாரு. இந்தத் துறைமுகத்துல எந்தப் படகு எங்க போகுதுன்னு தெரியாதவங்க ஆம்பளைங்க மட்டுந்தான். எங்க எல்லாருக்கும் தெரியும். வீட்டுல சொல்லிட்டுத்தான் எல்லாரும் கிளம்புறாங்க."

படகுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் வீட்டில் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

கறுப்புக் கண்ணாடி பதறி எழுந்தான். "அப்ப என் இடம் இவங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும். அங்க மீனு இல்லன்னும் தெரியும்" என்றாள் வலைக் கூடத்துப் பெண் ஒருத்தி. அதிகாரிகள் மூன்று பேரும் மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

பிறகு மச்சானின் மனைவி எழுந்தாள். அதிகம் பேசாதவள். "இவரு காணாம போன அன்னிக்கு எந்த இடம்னு எனக்குத் தெரியும். போய்ச் சொன்னேன். முதலாளியக் கூட்டிட்டு வான்னாங்க. நீங்க எழுதுறதுல இத மட்டும் மாத்துங்க. நாங்க சொன்னா கேட்டுக்கணும்" என்றாள்.

மச்சான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்று அவன் சுறாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

நடுவில் இருந்தவர் படகுக்காரர்களைப் பார்த்து, "கரை ஆள்னு இவங்க பேரையே கொடுத்தா, உண்மையச் சொல்வீங்களா?" என்றார்.

"இனிமே பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றான் கறுப்புக் கண்ணாடி. அவன் தன் மாமியாரைக் கரை ஆளாக வைத்துக்கொள்கிறானாம். "அவங்க போன் பண்ணா எந்த அறையும் தூங்க முடியாது." கல்யாணம் ஆகாதவர்கள், வெளியூரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் எல்லோரும் என் மனைவியின் பெயரைக் கொடுத்தார்கள். என் பெயரை ஒருவரும் கொடுக்கவில்லை. ஒருவர் கூட!

வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் கேட்டேன், "இத்தனை வருஷமா எல்லாம் உனக்குத் தெரியுமா? ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னியா?"

"நீங்க என்கிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே ரகசியத்தை ஒரே கூரையின் கீழ் தனித்தனியாகக் காத்து வந்திருக்கிறோம். நடுத்தெருவில் நின்று சிரித்தோம். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து மணியடித்து அலுத்துப்போய்ச் சுற்றிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 3, வியாழன்

பேனாவை வெளியே எடுத்தேன். குளிரில் மை உறைந்திருந்தது. அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வகுப்பில் புதிதாக ஒரு ஆள் சேர்ந்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். பார்த்து எழுதக் கூடாதென்று டீச்சர் அவரை என்னிடமிருந்து தள்ளி உட்கார வைத்திருக்கிறார். என்னைப் பார்த்து எழுதுகிறார்கள்!

செப்டம்பர் 18, வியாழன்

சட்டம் கையெழுத்தாகிவிட்டது. வக்கீலம்மா அச்சடித்த பிரதி ஒன்று அனுப்பியிருந்தார். நானே படித்தேன். வரி நீண்டுகொண்டே போகிறது, அவர் சொன்னது உண்மைதான். ஒரு வரியின் பாதியில் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். கரை ஆள் அதில் இருக்கிறாள். வீட்டாரின் சொல் செல்லும் என்று இருக்கிறது. முதலில் கேட்ட அறை, மற்ற அறை எடுத்துக்கொண்டதாகத் தெளிவாகச் சொல்லும்வரை பொறுப்பை விடலாகாது என்று இருக்கிறது. 'விடலாகாது' என்ற சொல்லை இரண்டு முறை சத்தமாகப் படித்தேன். ஐஸ் வாங்க வந்தவர்கள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

இப்போது காலை வேளைகளில் என் மனைவியும் கிடங்குக்கு வந்துவிடுகிறாள். மூலையில் ஒரு நாற்காலி, ஒரு போன். படகுக்காரர்கள் என்னிடம் ஐஸ் வாங்கிக்கொண்டு அவளிடம் போய்க் குனிகிறார்கள். அந்த நேரத்தில் நான் வெளியே போய்விட வேண்டும். என் கிடங்கிலிருந்து என்னையே! கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்று வெயிலில் கிடக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சற்று முன்னால் சின்ன மகள் வந்தாள். உள்ளே போனாள். அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் ஏன் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. வெளியே வந்து, என் பேனாவைப் பிடுங்கி என் காதிலேயே செருகிவிட்டு, "வர்றேன்பா" என்றாள். படகு சுவரைத் தாண்டித் திரும்புவதைப் பார்த்தேன். வடக்கா, தெற்கா? சுவருக்கு அப்பால் வெயிலில் கண் கூசியது. கோடு எதுவும் தெரியவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது.

"ஏங்க, சொல்லி முடிச்சாச்சு. உள்ள வாங்க, ஐஸ் உருகுது" என்று கூப்பிடுகிறாள்.

இந்த ஒரு வரியை முடித்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறேன்.